கரடி பேசக் கூடாது

அலைக்குளத்தில் இறங்குகிறவர்களை எண்ணுவதுதான் என் வேலை. அலை கிளம்புவதற்கு முன் ஒருமுறை எண்ணுவேன். அலை நின்று ஆட்கள் கரையேறும்போது ஒருமுறை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விசில் ஊதி எல்லோரையும் நிற்க வைத்து மறுபடி எண்ண வேண்டும். நாற்பது தலை வரை சிரமமில்லை. அதற்கு மேல் போனால் ஒருவன் இங்கே முங்கி அங்கே எழுவான். இடுப்பில் இருந்த பிள்ளையை ஒரு தாய் தண்ணீரில் இறக்கிவிடுவாள். இரண்டு பேர் நெருங்கி நின்று ஒரே தலையாகத் தெரிவார்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். காலை வழிபாட்டில் அசையாமல் நின்ற பிள்ளைகளை எண்ணிப் பழகிய கண்ணுக்கு இந்த எண்ணிக்கை ஒருநாளும் நிம்மதி தந்ததில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் யாரையோ விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்றுதான் இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து முக்கூடல் போகிற சாலையில், வயல்கள் முடிந்து பாறையும் முள்ளும் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் தண்ணீர் விளையாட்டுப் பார்க். மேற்கே மலை தெரியும். ஆறு பக்கத்தில்தான். சும்மா குளிக்க ஆறு இருக்கும்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு இங்கே குளிக்க ஏன் வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால், "ஆத்துல அலை அடிக்குமா சார்?" என்பார்கள். எங்கள் குளத்திலும் அது சரியாக அடிப்பதில்லை. அலை எந்திரம் மொத்தம் ஆறு, ஓடுவது நாலு. சிமெண்ட் டைனோசர் ஐந்து, அதில் வால் உள்ளவை மூன்று. வாசல் வளைவில் பெயர் எழுதிய விளக்குகளில் பாதி எரியாததால், இருட்டிய பிறகு எங்கள் பெயரை யாராலும் முழுதாக வாசிக்க முடியாது.

நான் வேலை பார்த்தது பள்ளிக்கூடத்தின் சுயநிதிப் பிரிவில். பென்ஷன் கிடையாது. பாளையங்கோட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தால் மகனுடைய போனை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பேன் என்பதால் இங்கே வந்தேன். வந்ததிலிருந்து இருமல். தண்ணீரில் கலக்கிற குளோரின் கண்ணைச் சிவக்க வைக்கிறது. ஈரத் தரையில் வழுக்கி இடுப்பு முறிந்துவிடும் என்ற பயத்தில் வாத்து மாதிரி நடக்கிறேன். காலையில் வடிகட்டியைத் திறந்து அதில் சிக்கியதை எடுப்பார்கள். ஒட்டுப் பொட்டு, தலைமுடி, கொண்டை ஊசி, பிளாஸ்திரி, சில நாள் ஒரு தோட்டுத் திருகாணி. பொட்டுகளை மட்டும் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினொன்று இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் நான் கால் நனைக்கவில்லை.

கரடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பார்க்கில் கரடி உடை ஒன்று உண்டு. பழுப்பு நிற நைலான் முடி, ஃபைபரில் செய்த தலை. மேல்வரிசையில் பன்னிரண்டு பல், கீழ்வரிசையில் பதினொன்று, ஒன்று விழுந்துவிட்டது. உள்ளே இருப்பவருக்குக் கரடியின் வாய் வழியாகத்தான் வெளியே தெரியும். வாயில் கறுப்பு வலை அடித்திருக்கும். பிள்ளைகளோடு ஆட வேண்டும், கை கொடுக்க வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். இரண்டு விதிதான். வந்தவர்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. பேசக் கூடாது.

அந்த உடைக்குள் இருந்தவர் முக்கூடல்காரர். குட்டையான ஆள், ஐம்பத்தெட்டு வயது. டவுனில் ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவர். கடையை மூடியதும் இங்கே வந்தார். உடை அவர் அளவுக்குத் தைத்தது மாதிரிப் பொருந்தியதால் வேறு வேலை கேட்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எல்லோரும் கரடி அண்ணாச்சி என்போம். அவரும் அந்தப் பேருக்குத்தான் திரும்புவார்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவர் கரடித் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டை பிழிந்தால் சொட்டும். எதிரே பஜ்ஜிக் கடைக்காரர் உட்கார்ந்து வம்புக்கு இழுப்பார்.

"உமக்கென்ன வே, கம்பளி போத்திக்கிட்டு ஆடுதீரு. நான்லா எண்ணெய்ச் சட்டியில வேகுதேன்."

"மாத்திக்கிடுவமா? நீரு இதுக்குள்ள நின்னு ஆடும். நான் பஜ்ஜி போடுதேன்."

"உம்ம பஜ்ஜிய எவன் திம்பான்? பூரா முடியால்லா இருக்கும்."

நீச்சல் உடை வாடகைக்குக் கொடுக்கிற கவுண்டரில் இருக்கும் மேலப்பாளையத்து அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். ஆனால் பாதிச் சிரிப்பிலேயே, அலைக்குளத்துக் கதவைப் பூட்டினேனா என்ற நினைப்பு வந்துவிடும்.

கரடி அண்ணாச்சிக்கு ஒரே மகள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். முக்கூடலில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒருமுறை அப்பா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்தவள், கரடித் தலையின் கயிற்றை அவர் கழுத்தில் தானே கட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "அப்பா, ஒங்களுக்கு இதுதான்ப்பா அழகு" என்றாள். அவர் தொப்பை குலுங்க ஒரு சுற்று ஆடிக் காட்டினார். அவளுக்கு அப்பாவின் வேலையில் கூச்சம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கூச்சப்பட்டது வெளியில் உள்ளவர்கள்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டு, எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு யாரோ போனில் ஒரு வீடியோவைக் காட்டி, கரடிக்குள் இருப்பது யார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தி கரடி உடையில் ஒரு கல்லூரிப் பையனின் தோளில் கை போட்டு ஆடுகிறார். "சம்பந்தி என்ன வேலைன்னு நாலு பேரு கேட்டா, கரடின்னா சொல்ல முடியும்?" என்று அந்த வீட்டில் கேட்டார்களாம். அந்தக் கேள்வி ஒரு வார்த்தை குறையாமல் பெண்ணின் காதுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு வந்த இடங்களுக்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்களாகவே போய்விட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். அப்பா இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வளர்த்த பிள்ளை. அவர்கள் எடுப்பதுதான் முடிவு. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு பெண்ணும் பையனும் போனில் சில தடவை பேசியிருக்கிறார்கள்.

அன்று சாப்பாட்டு அறையில் என்னைத் தவிர யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார்வாள், இந்தத் தடவை அவளா 'சரிப்பா'ன்னு சொன்னா. நான் கேக்காமலே சொன்னா. இதுதான் முதல் தடவை."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷந்தான். ஆனா தரகர் ஒரு காரியம் பண்ணிப் போட்டாரு. பொண்ணோட அப்பா பார்க்ல சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்காரு. நானும் ஆமான்னுட்டேன். இப்ப அவுக பெரியப்பா இங்கன விசாரிக்க வருவாகன்னு சொல்லுதாரு. கேட்டா சூப்பர்வைசர்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

எங்கள் பக்கம் இது வழக்கம். பெண் பார்ப்பதற்கும் பேசி முடிப்பதற்கும் நடுவில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது சத்தமில்லாமல் வந்து தெருவில், கடையில், வேலை பார்க்கிற இடத்தில் விசாரிப்பார்கள். விசாரிக்க வந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி எல்லோரும் நடந்துகொள்வார்கள். பெரிய பொய் ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது. சரி என்றேன்.

அவர் என்னிடம் மட்டும் கேட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பஜ்ஜிக் கடைக்காரரிடமும் தனியாகக் கேட்டிருக்கிறார், மேலப்பாளையத்து அம்மாவிடமும், வாசல் வாட்ச்மேனிடமும். ஒவ்வொருவரும் அந்த ரகசியம் தன்னிடம் மட்டும் இருப்பதாக நினைத்தோம்.

பையனின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தது கூட்டமே இல்லாத ஒரு வாரநாள். அலைக்குளத்தில் ஒன்பது பேர். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் விளையாட வருகிறவர் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி கட்டி வருவாரா? பெரியம்மா பட்டுச்சேலையில் வந்திருந்தார். செருப்பு நனைந்துவிடக் கூடாதென்று கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். பெரியப்பா என் நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்று, குளத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"நீங்க ரொம்ப நாளா இங்கன இருக்கியளா?"

"ஆமா."

"முக்கூடல்ல இருந்து ஒருத்தர் இங்க வேலை பாக்காராமே. குட்டையா, முன்னாடி ஜவுளிக் கடையில இருந்தவரு."

"ஆமா. சூப்பர்வைசர். நல்ல மனுஷன்."

"இன்னைக்கு இருக்காரா?"

கரடி எங்களுக்கு மூன்று முழம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. "வெளிய போயிருக்கார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதோடு போயிருந்தால் நல்லது. ஆனால் அந்த நேரம் பார்த்து மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். "அலைக்குள சூப்பர்வைசர் ஆபீசுக்கு வரவும்." பார்க்கில் கழுத்தில் விசில் தொங்குகிற எல்லோருமே சூப்பர்வைசர்தான். மைக்கில் கூப்பிட மரியாதையாக இருக்கும் என்று வைத்த பேர். அவர் என் நனைந்த கால்சட்டையையும், பிளாஸ்டிக் நாற்காலியையும், கழுத்தில் தொங்கிய விசிலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான் இருக்கும். நேரே உடை கவுண்டருக்குப் போனார்.

நான் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பெரியம்மா மட்டும் குளத்தோரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரடி நின்றது.

"இது பொம்மையா, உள்ள ஆளு இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆளு இருக்கார்."

"ஆமா, மூச்சு விடுது." அவர் எழுந்து கரடியின் முகத்துக்கு நேரே போய் நின்றார். "ஏன் தம்பி, இந்த வெக்கையில இதப் போட்டுக்கிட்டு நிக்கியே. தண்ணி கிண்ணி குடிச்சியா?"

கரடி தலையை ஆட்டியது.

"ஒரு வீட்டுப் பிள்ளைதான நீயும்." பையிலிருந்து ஒரு பாக்கெட் மோரை எடுத்து அதன் கையில் வைத்தார். "குடி. யாரும் பாக்கல. அந்தால திரும்பிக் குடி."

அந்தக் கையுறையால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. கரடி மோரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. இன்னொரு கை கழுத்துக் கயிற்றுக்குப் போனதை நான் பார்த்தேன். அப்போது இரண்டு பிள்ளைகள் "கரடி, கரடி" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. கை இறங்கிவிட்டது. பெரியப்பா திரும்பி வந்தார். இப்போது அவர் முகத்தில் முன்பில்லாத ஒரு மரியாதை இருந்தது. மனைவியைக் கரடியோடு நிற்கவைத்துப் போனில் ஒரு படம் எடுத்தார். வாசலில் வாட்ச்மேனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் உடையைக் கழற்றியதும் கரடி அண்ணாச்சி எங்களைத் தேடி வந்தார். எல்லோரும் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றிருந்தோம். ஆளாளுக்குத் தான் சொன்னதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

"சூப்பர்வைசர்னு சொன்னா எவன் மதிப்பான்?" என்றார் மேலப்பாளையத்து அம்மா. "நான் மேனேஜர்னுட்டேன். அல்லா மன்னிப்பான்."

"மேனேஜரா?" பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியை ஓங்கினார். "என்ன கஞ்சத்தனம்! நான் பார்ட்னர்னுட்டேன். முதலாளியும் அவரும் பாதிப் பாதின்னு சொன்னேன். பெரியவரு பஜ்ஜிய அப்படியே கையில வச்சிக்கிட்டு நிக்காரு, கடிக்கல பாத்துக்கிடும்."

வாட்ச்மேன் தன் பங்குக்கு, "எதையும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். 'அவரு கார் எது'ன்னு கேட்டாரு. 'எந்தக் கார்ல வருவாருன்னு எங்களுக்கே தெரியாது'ன்னுட்டேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கரடி அண்ணாச்சியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். நான் சிரிக்கவில்லை. நாலு பேர் சொன்னதையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர், மேனேஜர், பார்ட்னர், கார் எத்தனை என்று தெரியாத ஆள். ஒன்றோடொன்று சேரவில்லை. சொன்னால் கெட்ட வாயாகிவிடும் என்று சும்மா இருந்தேன். கவலைப்படுவது என் வழக்கம் என்பதால் என் கவலையை அங்கே யாரும் மதிப்பதும் இல்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் சொன்னார்: "அந்த அம்மா என்னையத் தம்பின்னு கூப்பிட்டாக, சார்வாள். நான்தாம்மான்னு சொல்லிரலாம்னு கை போயிட்டு."

"நல்ல வேளை சொல்லல" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பதில் வரத் தாமதமானது. தரகர் முதலில் ஜாதகத்தில் ஏதோ தட்டுகிறது என்றார். ஜாதகம் பார்த்துப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதானே விசாரிக்கவே வந்தார்கள் என்று கரடி அண்ணாச்சி பிடித்துக்கொண்டதும், தரகர் உள்ளதைச் சொன்னார். அதை இவர் சாப்பாட்டு அறையில், தலையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். குரல் உயரவில்லை.

"அவ்வளவு பெரிய கை ஒரு சொசைட்டி கிளார்க்குக்குப் பொண்ணக் கொடுக்க வாராருன்னா சும்மாவா வாராரு? பொண்ணுக்கு என்னமோ இருக்கு. மறைச்சுத் தள்ளிவிடப் பாக்காருன்னு அந்தப் பெரியம்மா சொல்லிட்டாகளாம்."

பஜ்ஜிக் கடைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மேலப்பாளையத்து அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். குறை சொல்ல ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நல்லதைத்தான் சொன்னோம். அவரவர் ஒரு படி ஏற்றி வைத்ததில் அந்தப் பெண் தலையில் ஒரு நோய் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆழ்வார்குறிச்சியில் 'என்னமோ' என்று சொன்னது முக்கூடல் கடைத்தெருவுக்கு வருவதற்குள் 'வலிப்பு' ஆகிவிட்டது. அவள் வேலை பார்க்கிற பள்ளியின் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, மிகவும் அன்பாக, வைத்தியம் பார்க்க லீவு வேண்டுமா என்று கேட்டாராம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற இடம், பார்த்துக்கொள்ளம்மா என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பையனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் எடுக்கவில்லை.

"நேரப் போயி உள்ளதச் சொல்லிருதேன்" என்றார் அவர். "கரடின்னு தெரிஞ்சு வேண்டாம்னா போகட்டும். வலிப்புன்னு இருக்கக் கூடாது. நீங்க கூட வரணும், சார்வாள். வாத்தியாரு சொன்னா நம்புவாக."

எங்கள் இருவருக்கும் சேர்ந்து விடுப்பு கிடைத்த ஒரு நாளில் போனோம். அவர் மகளிடம் சொல்லிவிட்டு, ஜவுளிக் கடைக் காலத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கழுத்து லூசாக இருந்தது. பஸ் பொட்டல்புதூர் தாண்டியது. பிறகு, எப்படித் தொடங்கட்டும் என்று என்னிடம் நாலு விதமாகச் சொல்லிக் காட்டினார். நாலில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது தேவலை என்றேன்.

ஆழ்வார்குறிச்சியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. பெரியப்பா கதவைத் திறந்ததும் பதறிப்போனார். "நீங்க எதுக்கு அலையணும்?" என்று ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். பார்ட்னருக்கான மரியாதை அது. தயார் செய்து வந்த எதையும் இவர் சொல்லவில்லை.

"நான் பார்ட்னர் இல்ல. சூப்பர்வைசரும் இல்ல. நான் அந்தக் கரடி" என்றார்.

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பெரியப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"பொழுதுபோக்குப் பிரிவுன்னு இருக்கு. இதுல கரடின்னு எங்க இருக்கு?"

"அதுதான் கரடி."

பெரியப்பா போனை எடுத்து அன்றைக்கு எடுத்த படத்தைத் தேடி எடுத்தார். படத்தில் கரடியையும் எதிரே உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் ஒப்பிட என்ன இருக்கிறது? போனை மேசையில் வைத்துவிட்டார்.

"உங்க இடத்துல நாலு பேரு நாலு விதமாச் சொன்னாக. இப்ப நீங்க அஞ்சாவதா ஒண்ணு சொல்லுதிய. எதைய நம்பச் சொல்லுதிய?"

நான் குறுக்கிட்டேன். "நான் வாத்தியாரா இருந்தவன். அந்தப் பொண்ண எனக்குத் தெரியும். ஒரு நோயும் கிடையாது."

"சூப்பர்வைசர்னு சொன்னதும் நீங்கதான சார்?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த பெரியம்மா மெதுவாக முன்னால் வந்தார்.

"நீங்கதான் அதுன்னா, அன்னைக்கு நான் என்ன கொடுத்தேன்?"

"மோரு. பாக்கெட் மோரு. அந்தால திரும்பிக் குடின்னு சொன்னிய."

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். அவர் நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் நெஞ்சு ஒரு நிமிடம் லேசானது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"கரடி பேசக் கூடாதும்மா."

"அப்பச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். உழைச்சுச் சாப்பிடுத மனுஷன்னு நினைச்சிருப்பேன்." அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். "இப்ப நான் நம்புதேன். ஆனா எங்க ஆளுகளுக்கு என்னன்னு சொல்ல? முதல்ல முதலாளின்னாக, பிறகு கரடின்னாக. அப்ப பொண்ணு நல்லா இருக்குன்னு சொல்லுதது மட்டும் எப்படி நிசம்னு கேப்பாகல்லா? அது போக..." கொஞ்சம் நிறுத்தினார். "பையனுக்குக் கடையத்துல பேசி முடிச்சாச்சு. போன வாரம் பூ வச்சாச்சு."

"வலிப்பு இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் இவர். "கேக்குறவகளுக்கு அத மட்டும் சொல்லுங்க."

"நான் வலிப்புன்னு சொல்லவே இல்லியே" என்றார் அந்த அம்மா. உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தார். "என்னமோ இருக்கும்னுதான சொன்னேன்."

காப்பி வந்தது. குடித்தோம். நல்ல காப்பி. வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பெரியம்மா என்னிடம், "பைய போங்க, படி வழுக்கும்" என்றார்.

திரும்பும்போது மலைப் பக்கமிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிகளில் பாதி ஏறவில்லை; என் இடது தோள் நனைந்தது, காய்ச்சல் வரும் என்று நினைத்தேன். அவர் மகளிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டு வந்தார். "பேசியிருக்கேன், யோசிச்சுச் சொல்லுதாகன்னு சொல்லட்டுமா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "வேண்டாம், அதையும் அவ நம்பி உக்காந்திருப்பா" என்றார். பிறகு, "கடையத்துல முடிச்சாச்சுன்னு சொல்லிரணும். அது வெளிய இருந்து அவளுக்குத் தெரியக் கூடாது" என்றார். வாக்கியம் கூடி வந்தபோது பஸ் முக்கூடலுக்குள் நுழைந்துவிட்டது.

நிறுத்தத்தில் டீக்கடைத் தாழ்வாரத்துக்குக் கீழே அவள் நின்றாள். பள்ளி விட்டு நேரே வந்திருக்கிறாள், தோளில் பை இருந்தது. ஒரு குடை கையில், இன்னொன்று கக்கத்தில்.

"முக்கூடல் இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

இவர் அசையவில்லை.

"அண்ணாச்சி, முக்கூடலுக்குத்தான டிக்கெட் எடுத்திய?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுதேன்."

"எறங்கும் வே, அவ நிக்கா" என்று அவர் காதில் சொன்னேன். அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினார். அங்கே ஒன்றும் இல்லை.

இறங்கியவர்கள் ஏழு பேர். ஏழு பேர் முகத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் குனிந்திருந்த வெள்ளைச் சட்டை முதுகையும் பார்த்தாள். கையை உயர்த்தவில்லை, கூப்பிடவும் இல்லை. குடையை விரித்து, மற்றொன்றைக் கக்கத்தில் சரியாக இடுக்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பஸ் நகர்ந்தது. அவர் நிமிர்ந்தார்.

"பாத்துட்டாளா?"

"பாத்துட்டா."

"அப்ப சரி" என்றார். "நான் போயி ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."